டைனமோவைக் கழற்றும் முன்பும் கழற்றிய பின்பும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வண்டி 2006 மாடல் மாருதி 800. ஏழு மாதத்துக்குள் இரண்டாவது பேட்டரியும் படுத்துவிட்டது. வண்டி ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. மெக்கானிக், "டைனமோ போயிடுச்சு, முழுசா மாத்திடலாம்" என்கிறார். கையில் ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் இருப்பதால், வீட்டிலேயே கழற்றிப் பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். இந்த வண்டியில் அது பெரிய வித்தை வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் கழற்றுவது இரண்டாவது வேலை. டைனமோ தன் இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டுமே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் சில உண்டு. அதைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகு அவற்றை அறிய வழியே கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியில் இதே அறிகுறி வந்தபோது, ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி டைனமோவை முழுதாக மாற்றினேன். மூன்று மாதத்தில் அதே மங்கல் வெளிச்சம் திரும்பி வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, டைனமோவின் அலுமினிய உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் 0.9 வோல்ட் காட்டியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வளையத்துக்கு அடியில் பச்சையாகப் பூத்த களிம்பு, அதற்கும் அடியில் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிந்த பின் இறுக்கினேன், 0.9 என்பது 0.05 ஆகிவிட்டது. முன்பு நான் கொடுத்துவிட்டு வந்த பழைய டைனமோவில் குறை எதுவும் இருந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பட்டறைகளில் டைனமோ என்று சொன்னாலும் உங்கள் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர். கார்களில் 1960களுக்கு முன் உண்மையிலேயே டைனமோதான் இருந்தது; பெயர் அப்படியே நின்றுவிட்டது. பழுது பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். பழைய டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகவே வெளியே வர வேண்டியிருந்தது. ஆல்டர்னேட்டரிலோ, நடுவில் சுற்றும் ரோட்டருக்குக் காந்த சக்தி கொடுக்கும் சில ஆம்பியர் மட்டுமே பிரஷ் வழியாகப் போகிறது. பேட்டரிக்குப் போகும் பெரிய மின்சாரம் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் உற்பத்தியாகி, டயோடு பிளேட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் பதித்த தகடு) வழியாக நேர்மின்சாரமாக மாறி வெளியே வருகிறது. எவ்வளவு காந்த சக்தி வேண்டும் என்று தீர்மானிப்பது ரெகுலேட்டர். நம் எலக்ட்ரீஷியன்கள் கட்-அவுட் என்று சொல்வது இதைத்தான். ஆக, தேயக்கூடியவை பிரஷ்ஷும் பேரிங்கும்; வெப்பத்தில் கெடக்கூடியவை டயோடும் ரெகுலேட்டரும். ஸ்டேட்டரும் ரோட்டரும் கெடுவது மிகக் குறைவு. முழுதாக மாற்ற வேண்டிய நிலை அபூர்வம் என்பது இதிலிருந்தே புரியும்.

இனி அளவைக்கு வருவோம். மீட்டரை டி.சி. (நேர்மின்சார) 20 வோல்ட் அளவில் வையுங்கள். வண்டி இரவு முழுவதும் நின்ற பின், காலையில் எதையும் போடாமல் பேட்டரி முனைகளில் அளந்தால், முழுதாகச் சார்ஜ் ஆன நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு டைனமோவைக் குறை சொல்லக் கூடாது, முதலில் வெளிச் சார்ஜரில் போட்டு நிரப்ப வேண்டும். அடுத்து எஞ்சினை ஓட விட்டு அதே முனைகளில் அளக்கும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டு, புளோயரை முழு வேகத்தில் வைத்து, வேறொருவரை ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்துச் சீராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சுமையிலும் 13.5க்கு மேல் நின்றால் உற்பத்தி நன்றாக இருக்கிறது என்று பொருள். 12.6லிருந்து மெல்ல இறங்கிக்கொண்டே போனால் டைனமோவிடமிருந்து பேட்டரிக்கு ஒன்றும் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது.

இந்தக் கடைசி நிலையைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பேட்டரி சார்ஜ் இல்லாமல் மட்டும் சாவதில்லை, அளவுக்கு மீறிய சார்ஜிலும் சாகும். உங்கள் இரண்டு பேட்டரிகளும் எப்படிப் போயின என்று நினைவுபடுத்திப் பாருங்கள்: அடிக்கடி தண்ணீர் வற்றியதா, மூடியைச் சுற்றி அமில ஈரம் இருந்ததா, பக்கச் சுவர் உப்பியதா? அப்படியானால் தேட வேண்டியது ரெகுலேட்டரை. வெறுமனே காலையில் செல்ஃப் எடுக்காமல் போயிருந்தால், கீழே சொல்லப்போகும் மற்றவற்றை.

பேட்டரியில் வோல்ட் குறைவாக இருந்தால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டைனமோவின் பின்புறம் ரப்பர் தொப்பிக்கு அடியில் தடித்த வயர் மாட்டிய பி முனை இருக்கும். அதே சுமையோடு எஞ்சின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை இந்த பி முனையிலும் மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் உள்ள வயரோ, மெயின் ஃபியூஸோ, துருப்பிடித்த டெர்மினலோ மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அடுத்து, டைனமோவின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் இடையில் அதேபோல் அளந்தால் 0.2க்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டு அளவைகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். இவற்றைச் செய்யாமல் டைனமோவை மாற்றச் சொல்லும் எவருடைய பேச்சையும் நான் இப்போது ஏற்பதில்லை. அளக்கும்போது மீட்டரின் வயரும், சட்டையின் கையும், தொங்கும் துப்பட்டாவும் பெல்ட்டிலோ ரேடியேட்டர் ஃபேனிலோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, சூடு ஏறியதும் எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும்.

உங்கள் மங்கலான விளக்கு நல்ல துப்பு. இக்னிஷன் வழியாக வரும் பேட்டரி மின்சாரம் அந்த விளக்கின் ஒரு பக்கத்திலும், டைனமோவின் எல் முனை மறுபக்கத்திலும் இருக்கின்றன. பழைய அமைப்புகளில் இரு பக்கமும் மின்னழுத்தம் சமமானால் விளக்கு அணையும்; சமமாகாமல் இடையில் நின்றால் மங்கலாக எரியும். டயோடு ஒன்றிரண்டு கெட்டு உற்பத்தி பாதியாகும்போதும், தேய்ந்த பிரஷ் விட்டுவிட்டுத் தொடும்போதும், இக்னிஷன் பக்கத்து வயரில் இழப்பு இருக்கும்போதும் இது நடக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கையில் விளக்கு பிரகாசமாக எரிகிறதா என்பதையும் பாருங்கள். அப்போது எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், அல்லது பிரஷ் ரோட்டரைத் தொடவே இல்லாமல் இருக்கலாம். பல வண்டிகளில் ரோட்டருக்கு முதல் காந்த சக்தி இந்த விளக்கின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே சின்ன பல்பு ஒன்று ஃபியூஸ் போனாலே டைனமோ மெதுவேகத்தில் விழிக்காமல் கிடக்கும்.

டயோடு கெட்டிருக்கிறதா என்று வண்டியிலேயே தெரிந்துகொள்ள, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, சுமையோடு எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.1க்குள் இருந்தால் நல்லது; 0.5ஐத் தாண்டினால் டயோடு மேல் சந்தேகம் உறுதிப்படும். ஆனால் கடையில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மீட்டர் இதற்கு ஆகாது. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதே ஏ.சி. அளவில் பேட்டரியில் வைத்துப் பாருங்கள்: சுத்தமான நேர்மின்சாரத்துக்கே 25க்கு மேல் காட்டினால் அது அந்த வகை மீட்டர், இந்த ஒரு சோதனைக்காக மட்டும் வேறு நல்ல மீட்டரை இரவல் வாங்குங்கள். கெட்ட டயோடுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வண்டி நிற்கும்போது அதன் வழியாகப் பேட்டரி பின்னோக்கி வடிந்துகொண்டே இருக்கும். பகலில் நன்றாக ஓடி, இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் படுத்துவிடும் வண்டியில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நின்றுபோகாமல் ஓடினால் டைனமோ நல்லது என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இது உண்மையான டைனமோ காலத்துப் பழக்கம். இன்று அதைச் செய்தால், பேட்டரி என்ற தாங்கி இல்லாததால் மின்னழுத்தம் ஒரு நொடியில் பல மடங்கு எகிறி, ரெகுலேட்டரையும் டயோடையும், எல்லாவற்றுக்கும் மேலாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.எம். என்ற மின்னணுப் பெட்டியையும் பொசுக்கிவிடும். உங்கள் வண்டி அந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வகை, அந்தப் பெட்டியின் விலை டைனமோவின் விலையை விட அதிகம். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு குற்றம் டைனமோவுக்குள்தான் என்று தெரிந்தால் கழற்றலாம். பெல்ட்டை முதலில் பார்த்துவிடுங்கள். உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினாலோ, வெடித்திருந்தாலோ, தளர்ந்திருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் வண்டியில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்பதால், ஓடும்போது திடீரென்று பேட்டரி விளக்கு முழுப் பிரகாசமாக எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே ஓரம் கட்ட வேண்டும். சார்ஜ் தீர்வதற்கு முன்பே எஞ்சின் கொதித்துவிடும்.

எஞ்சின் ஆறிய பின், சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, அது திரும்பித் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்குங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. டைனமோவின் பி முனை எந்த ஸ்விட்சும் இல்லாமல் பேட்டரியோடு எப்போதும் இணைந்திருக்கிறது. நெகட்டிவ்வைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனரைப் போட்டு, அதன் மறுமுனை பாடியைத் தொட்டால் வெல்டிங் வைத்ததுபோல் பொறி பறக்கும். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். வயர்களைக் கைபேசியில் இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பி முனை நட்டு, அதன்பின் சிறிய கப்ளர் (மெல்லிய வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு). கப்ளரின் பிளாஸ்டிக் நாக்கு இத்தனை ஆண்டு எஞ்சின் சூட்டில் அப்பளம்போல் ஆகியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், நாக்கை அழுத்தி, உடலைப் பிடித்து மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும்.

டைனமோவைத் தாங்குவது கீழே ஒரு நீண்ட போல்ட்டும், மேலே நீளத் துளை வெட்டிய பட்டையில் ஓடும் ஒரு அட்ஜஸ்டிங் போல்ட்டும். முதல் நாள் இரவே இரண்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டால் காலையில் கை வலிக்காது. ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட் மட்டுமே போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் நழுவினால் போல்ட்டின் தலை உருண்டுவிடும், உங்கள் விரல் முட்டியும் கிழியும். இரண்டையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தானாகத் தளரும். பெல்ட்டை எடுத்துவிட்டு, ஒரு கையால் டைனமோவைத் தாங்கிக்கொண்டே போல்ட்டுகளை முழுதாக உருவுங்கள். சில கிலோ எடை, எதிர்பாராமல் விழுந்தால் ரேடியேட்டர் ஓட்டையாகிவிடும். கீழே போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

மேசைமேல் வைத்ததும் முதலில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல பேரிங் வழுவழுப்பாகச் சுற்றும்; கெட்டது மணல் அரைப்பதுபோல் கரகரக்கும், புல்லியைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடும். பின்மூடியைக் கழற்றினால் பிரஷ் ஹோல்டரும் ரெகுலேட்டரும் தெரியும். புதிய பிரஷ் ஹோல்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; 5க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடலாம். பழைய டைனமோக்களில் நான் அதிகம் பார்த்த பழுது இதுதான்: ஒரு பிரஷ் மட்டும் முழுதாகத் தேய்ந்து, ஸ்பிரிங் எட்டித் தொட முயன்றுகொண்டிருக்கும், சுற்றிலும் கரித்தூள் மாவுபோல் படிந்திருக்கும். மங்கலாக எரிந்த விளக்கின் கதை அந்தத் தூளிலேயே இருக்கும்.

ரோட்டரில் பிரஷ் உரசும் செப்பு வளையங்கள் இரண்டுக்கும் இடையில் ஓம் அளவில் அளந்தால் பெரும்பாலும் 2 முதல் 5 ஓம் வரை வரும். மீட்டர் வயருக்கே சிறிது ஓம் உண்டு என்பதால், இரு முனைகளையும் முதலில் ஒன்றாகத் தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். எதுவும் காட்டாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கிறது. பல சமயம் வளையத்தோடு கம்பி சேரும் பற்றவைப்பில்தான் அறுந்திருக்கும், அதைச் சால்டரிங் செய்தே மீட்கலாம். வளையத்துக்கும் ரோட்டரின் இரும்புக்கும் இடையில் தொடர்பு காட்டினால் அந்த ரோட்டர் ஆகாது. வளையம் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் துடைத்தால் போதும்.

டயோடுகளை மீட்டரின் டயோடு நிலையில் பார்க்க வேண்டும். பி முனைக்கும் ஸ்டேட்டர் கம்பிகளுக்கும் இடையில் ஒரு திசையில் ஏறத்தாழ 0.5 காட்டி, முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். ஸ்டேட்டர் கம்பிகளுக்கும் உடலுக்கும் இடையிலும் அப்படியே. இரு திசையிலும் காட்டினால் ஒரு டயோடு ஷார்ட். ஸ்டேட்டர் கம்பிகள் மூன்றும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், பற்றவைப்பை எடுக்காமல் அளந்தால் எந்த டயோடு ஷார்ட் என்று தெரியாது; அறுந்த டயோடோ மற்றவற்றின் மறைவில் நல்லதுபோலவே காட்டும். வண்டியிலேயே ஏ.சி. அளவையைச் செய்துவிடச் சொன்னது இதனால்தான். ஸ்டேட்டரின் ஓம் மிகச் சிறியது, சாதாரண மீட்டர் அதைச் சொல்லாது. வார்னிஷ் கருகிய வாடையும், சில சுருள்கள் மட்டும் கறுத்திருப்பதும் போதுமான சாட்சி.

பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் இவற்றை ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் தாமே மாற்றலாம்; பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைப் படித்து அதே எண்ணில் வாங்குங்கள். டயோடு பிளேட்டை மாற்றுவதற்குச் சக்திவாய்ந்த சால்டரிங் அயர்ன் தேவை, அதை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே சரி. எதை வாங்கப் போனாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள், சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் மாடலின் பெயரைவிட அந்தப் பாகமே நன்றாகப் பேசும். புதுப்பேட்டையில் பழைய டைனமோ வாங்குவதானால், மேலே சொன்ன ரோட்டர், பிரஷ், பேரிங் சோதனைகளைக் கடை வாசலிலேயே செய்து பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது எதிர்வரிசை: போல்ட்டுகள், பெல்ட், பி முனை, கப்ளர், எல்லாவற்றுக்கும் கடைசியில் பேட்டரியின் நெகட்டிவ். பெல்ட்டை இழுக்க டைனமோவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் கட்டை கொடுத்து நெம்பும்போது, அதன் தடித்த முன்பகுதியில் கொடுங்கள். நடுவில் நெம்பினால் அலுமினியம் விரிசல் விடும். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் பெல்ட் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை அமிழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

தீர்ந்துபோன பேட்டரியை மாட்டி, "ஓட ஓடச் சார்ஜ் ஆகட்டும்" என்று விடுவது, இப்போதுதான் பழுது நீங்கிய டைனமோவை முதல் நாளே முழுச் சுமையில் காய வைப்பதாகும். வெளிச் சார்ஜரில் நிதானமாக நிரப்பிய பேட்டரியை மாட்டி, தொடக்கத்தில் செய்த அளவைகளை அதே வரிசையில் மீண்டும் செய்து எண்களை எழுதி வையுங்கள். மேலே தந்த எண்கள் உங்கள் வண்டி போன்ற பழைய அமைப்புகளுக்கு உரியவை. கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் 12.8 வோல்ட்கூடச் சில நேரம் சரியான அளவாக இருக்கும். நண்பர் யாராவது தன் புதிய காருக்கு இந்தக் கணக்கைக் கேட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். புதிய பெல்ட் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதன் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துச் சரிசெய்யுங்கள். புது பெல்ட் தொடக்கத்தில் சற்று நீளும்.